மோஸ்ட்: ஒரு சொல்லா, நான்கு சொற்களா?

செக் குடியரசின் வடமேற்கு மூலையில், ஜெர்மன் எல்லையை ஒட்டி, பழுப்பு நிலக்கரி வெட்டும் ஊர் ஒன்று இருக்கிறது. அதன் ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் நான்கே ரோமன் எழுத்துகள்: எம், ஓ, எஸ், டி. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் அதை ‘பெரும்பாலான’ என்று படித்துவிட்டு, மீதிச் சொல் எங்கே என்று தேடுவார். ஆஸ்திரியாவிலிருந்து வருபவருக்குப் பேரிக்காய் மது நினைவுக்கு வரும். ஹங்கேரிக்காரருக்கு அது ‘இப்போது’. உள்ளூர்க்காரரைக் கேட்டால் ‘பாலம்’ என்பார். ஊரின் பெயரே பாலம்தான்.

ஒரு சொல்லே நாடு நாடாகப் போய்ப் பொருள் மாறிவிட்டதா? இல்லை, உறவே இல்லாத நான்கு சொற்கள் தற்செயலாக ஒரே உருவத்தில் வந்து நிற்கின்றனவா? சொற்பிறப்பியலில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். கண்ணால் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

நம் பக்கத்து எடுத்துக்காட்டு இரண்டைப் பார்த்தால் வேறுபாடு புரியும். ‘அவகாசம்’ என்றால் தமிழில் கால இடைவெளி, மலையாளத்தில் உரிமை, இந்தியில் விடுமுறை. மூன்றும் சமஸ்கிருதத்திலிருந்து போன ஒரே சொல். போன இடத்தில் பொருள் கிளைத்திருக்கிறது. ‘ஆறு’ வேறு கதை. எண்ணும் நதியும் இன்று ஒன்றாக ஒலிக்கின்றன. ஆனால் பழந்தமிழில் நதிக்கு ‘யாறு’ என்ற வடிவம் இருக்கிறது. எண்ணுக்கு அப்படி ஒரு யகரம் கிடையாது. காலப்போக்கில் அந்த யகரம் விழுந்ததால் இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிட்டன. மோஸ்ட் இதில் எந்த வகை? இரண்டும் கலந்தது என்பதுதான் அதன் சுவை.

முதலில் வாயால் சொல்லிப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ‘மோஸ்ட்’, ஓகாரம் நீண்டு ஒலிக்கும். ஜெர்மனில் ‘மொஸ்ட்’, ஒகரம் குறில். செக், போலிஷ், ரஷ்ய மொழிகளில் கடைசி மெய் பல்லைத் தொட்டு வருவதால் தமிழ்க் காதுக்கு அது ‘மொஸ்த்’ என்றே விழும். ஹங்கேரியத்தில் எஸ் என்ற எழுத்துக்கு ‘ஷ’ ஒலி. அந்நாட்டார் தம் தலைநகரைப் புடாபெஷ்ட் என்று சொல்வது இதனால்தான். ஆகவே அங்கே சொல் ‘மொஷ்த்’. எழுத்தில் ஒன்று, ஒலியில் நான்கு. கட்டுரையின் கடைசிப் பகுதியில் இந்த ‘ஷ’ ஒரு வேடிக்கை காட்டும்.

ஆங்கில மோஸ்ட்டின் உண்மையான உறவினர்

பழைய ஆங்கிலத்தில் இது வட்டாரத்துக்கு ஏற்ப ‘மாஸ்ட்’, ‘மேஸ்ட்’ என்று வழங்கியது. இன்றைய ஓகாரம் நிலைத்ததில் ‘மோர்’ என்ற பக்கத்துச் சொல்லின் இழுப்பும் உண்டு. சகோதர மொழிகளில் டச்சு ‘மேஸ்ட்’, சுவீடிஷ் ‘மெஸ்ட்’, 4ஆம் நூற்றாண்டு விவிலிய மொழிபெயர்ப்பால் நமக்குத் தெரியவரும் கோதிக் மொழியில் ‘மைஸ்ட்ஸ்’.

ஜெர்மனில் என்ன? அங்கே அதே எழுத்துகளில் மொஸ்ட் என்ற சொல் இருக்கிறதே, அதுதான் துணை என்று தோன்றும். இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழுகிறார்கள். உறவுச் சொற்கள் ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒழுங்காக வேறுபடவேண்டும் என்பதே விதி. ஆங்கில ‘ஸ்டோன்’ ஜெர்மனில் ‘ஷ்டைன்’ (கல்). ‘ஹோம்’ அங்கே ‘ஹைம்’ (வீடு). ‘கோஸ்ட்’ அங்கே ‘கைஸ்ட்’ (ஆவி). ஆங்கில ஓகாரத்துக்கு எதிரே ஜெர்மனில் ஐகாரம் நிற்கிறது. இந்தத் தடத்தில் போனால் மோஸ்ட்டுக்கு எதிரே ‘மைஸ்ட்’ இருக்கவேண்டும். இருக்கிறது, அதற்குப் ‘பெரும்பாலான’ என்றுதான் பொருள். அச்சு அசலாக ஒத்துப்போகும் ஜெர்மன் மொஸ்ட், அந்த ஒப்புமையாலேயே சந்தேகத்துக்கு உரியதாகிறது.

ஆங்கிலத்துக்குள்ளேயே ஒரு போலி உண்டு. ‘ஆல்மோஸ்ட்’ என்பதில் இருப்பது நிஜமான மோஸ்ட். ‘ஃபோர்மோஸ்ட்’ என்பதில் இருப்பது அது இல்லை. முன்பு அது ‘ஃபோர்மெஸ்ட்’. ‘மெஸ்ட்’ என்பது இரண்டு பழைய விகுதிகள் ஒட்டிப் பிறந்த முடிவு. பொருள் மறந்துபோன விகுதியைக் கண்ட மக்கள், தெரிந்த சொல்லாக அதை மாற்றிக்கொண்டார்கள். இப்படி மக்கள் தாமாகவே விளக்கம் கற்பித்துக்கொண்டு சொல்லை வளைப்பதற்கு நாட்டார் சொற்பிறப்பு என்று பெயர்.

பிழிந்த சாறு

ஜெர்மன் மொஸ்ட்டின் மூலம் லத்தீன். ‘முஸ்டுஸ்’ என்றால் இளைய, புதிய. ‘வீனும் முஸ்டும்’ என்றால் புது திராட்சை மது. நாளடைவில் ‘வீனும்’ உதிர்ந்து ‘முஸ்டும்’ மட்டுமே போதும் என்றாகிவிட்டது. டீக்கடையில் ‘ஒரு ஸ்ட்ராங்’ என்றால் டீ என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லையே, அதுபோல.

பொருளைத் துல்லியமாகச் சொல்வதானால், முஸ்டும் என்பது திராட்சையை மிதித்தோ பிழிந்தோ எடுத்த, இன்னும் மதுவாகி முடியாத சாறு. தோலும் விதையும் சேர்ந்தே கிடக்கலாம். தோலிலும் காற்றிலும் உள்ள ஈஸ்ட் தானாகவே புளிப்பைத் தொடங்கிவிடும் என்பதால், சாறுக்கும் மதுவுக்கும் நடுவில் தெளிவான கோடு கிடையாது. விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலில், பெந்தகோஸ்தே நாளன்று சீடர்களைப் பார்த்துச் சிலர் ‘குடித்திருக்கிறார்கள்’ என்று கேலி செய்யும் இடம் வரும். லத்தீன் மொழிபெயர்ப்பில் அங்கே இருப்பது இந்த முஸ்டும்தான். அப்போதே அது போதை தரும் பொருளாகவும் புரிந்துகொள்ளப்பட்டது என்பதற்கு இது போதும்.

லத்தீனின் வாரிசு மொழிகளில் சொல் வழிவழியாக வந்தது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ‘மோஸ்தோ’. பிரெஞ்சில் வெறும் ‘மூ’ என்று ஒலிக்கும். எழுதும்போது உயிரெழுத்தின் மேல் ஒரு சிறு கூரை போடுவார்கள். அங்கே முன்பு ஒரு ‘ஸ்’ இருந்து விழுந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. ஹாஸ்பிட்டலுக்கும் ஃபாரஸ்ட்டுக்கும் உரிய பிரெஞ்சுச் சொற்களிலும் ‘ஸ்’ இருந்த இடத்தில் இதே கூரைதான்.

ஜெர்மனுக்கு அது கடனாகப் போனது. கடன் என்று எப்படித் தெரிகிறது? சொல் தனியாகப் போகவில்லை, தொழிலோடு போனது. ரைன், மோசல் ஆற்றங்கரைகளில் திராட்சைத் தோட்டம் போட்டவர்கள் ரோமானியர்கள். மதுவுக்கு ‘வைன்’, பிழியும் செக்குக்கு ‘கெல்டர்’, தோட்டக்காரருக்கு ‘வின்ட்ஸர்’, நிலவறைக்கு ‘கெல்லர்’ என எல்லாமே லத்தீன் சொற்கள்தான். ஒரு தொழிலின் சொற்கள் கொத்தாக வேற்றுமொழியில் இருந்தால், அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்பதும் தெரிந்துவிடும்.

போன இடங்களில் பொருள் வழுக்கியது. திராட்சை விளையாத மேட்டுநிலங்களில் ஆப்பிளும் பேரியும்தான் பிழியக் கிடைத்தன. சொல் அவற்றின் மேல் ஏறிக்கொண்டது. இதில் பயணிகள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரியாவிலும் தென்ஜெர்மனியின் ஸ்வேபியாவிலும் மொஸ்ட் என்று கேட்டால் புளித்த, ஆல்கஹால் உள்ள பழமதுதான் மேசைக்கு வரும். டென்மார்க்கில் அதே சொல்லுக்குப் புளிக்காத ஆப்பிள் சாறு. சுவிட்சர்லாந்தில் இரண்டுமே உண்டு. ‘ஸூஸ்மொஸ்ட்’ (இனிப்பு) என்றால் சாறு, ‘புளித்த மொஸ்ட்’ என்று சொன்னால் மது. மது வேண்டாதவர்கள் அந்த ‘ஸூஸ்’ என்ற முன்னொட்டைச் சேர்த்துக் கேட்பதே பாதுகாப்பு.

ஆஸ்திரியாவில் ‘கீழ் ஆஸ்திரியா’ என்னும் மாநிலத்தை வழக்கில் நான்கு கால்பகுதிகளாகப் பிரிப்பார்கள். அதில் தென்மேற்குப் பகுதியின் பெயர் மொஸ்ட்ஃபியர்ட்டல், அதாவது மொஸ்ட் கால்பகுதி. பேரி மரங்கள் நிறைந்த ஊர்ப்பக்கம் அது. சுவிட்சர்லாந்தின் துர்காவ் மாநிலத்துக்கு இன்னும் வேடிக்கையான பட்டப்பெயர்: ‘மொஸ்டிண்டியன்’. கிழக்கிந்தியாவுக்கு ஜெர்மனில் ‘ஓஸ்டிண்டியன்’. அதன் முன்னால் ஒரு ‘ம்’ போட்டு, ஆப்பிள் சாறு ஓடும் நாட்டை இந்தியாவாக்கிவிட்டார்கள்.

மது செய்பவர்களுக்கு மொஸ்ட் தினசரி அளவுச்சொல். ‘மொஸ்ட்கெவிஷ்ட்’ என்பதை மொஸ்ட்டின் எடை என்று எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்த்தால் பிழையாகிவிடும். சாறின் அடர்த்தி, அதன் வழியாகச் சர்க்கரையின் அளவு என்பதுதான் கருத்து. ஃபோர்ட்ஸ்ஹைம் நகரத்து ஃபெர்டினாண்ட் எக்ஸ்லே 19ஆம் நூற்றாண்டில் பிரபலமாக்கிய அளவுகோல் எளிமையானது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் சாறு 1,085 கிராம் எடை காட்டினால், 1,000ஐக் கழித்துவிட்டு 85 எக்ஸ்லே என்று சொல்வார்கள். சாறு புளிக்கத் தொடங்கிய பிறகு அளந்தால் கணக்கு கெட்டுவிடும். சர்க்கரை ஆல்கஹாலாக மாறும்போது அடர்த்தி இறங்கிவிடுவதே காரணம்.

இந்த லத்தீன் சொல்லின் பேரப்பிள்ளை நம் சமையலறைப் பக்கமும் வந்திருக்கிறது. கடுகைக் குறிக்கும் ஆங்கில ‘மஸ்டர்ட்’ என்ற சொல் கடுகு விதையிலிருந்து பிறக்கவில்லை. அரைத்த கடுகைத் திராட்சைச் சாறில் குழைத்துச் செய்த தொக்குக்குப் பிரெஞ்சில் ‘முஸ்டார்ட்’ என்று பெயர். சாற்றின் பெயரோடு ‘ஆர்ட்’ என்ற விகுதி சேர்ந்தது. தொக்கின் பெயர் பின்னோக்கிப் போய் விதைக்கும் செடிக்கும் ஒட்டிக்கொண்டது. ‘முஸ்டும் ஆர்டென்ஸ்’, அதாவது எரியும் சாறு, என்பதிலிருந்து வந்தது என்ற விளக்கம் இணையம் எங்கும் உலவுகிறது. அழகான கதைதான். ஆனால் அந்த ‘ஆர்ட்’ பிரெஞ்சில் எத்தனையோ சொற்களில் வரும் சாதாரண விகுதி, நெருப்போடு அதை முடிச்சுப் போடவேண்டிய தேவையே இல்லை. கடுகு விதையின் லத்தீன் பெயர் ‘சினாபிஸ்’; ஜெர்மன் ‘ஸென்ஃப்’ அதிலிருந்து வந்தது. இன்று கடைகளில் விற்கும் கடுகுத் தொக்கில் பெரும்பாலும் வினிகர்தான். பெயரில் இருக்கும் சாறு பாட்டிலில் இல்லை.

பலகை போட்ட பாலம்

ஸ்லாவிய மொழிகளில் போலந்து முதல் பல்கேரியா வரை மொஸ்த் என்றால் பாலம். ரஷ்யர்கள் சிரில்லிக் எழுத்தில் எழுதும்போதுகூட நான்கில் மூன்று எழுத்துகள் நமக்குத் தெரிந்த வடிவத்திலேயே இருக்கும். எஸ் மட்டும் சி போல வளைந்திருக்கும்.

சாறுக்கும் பாலத்துக்கும் தொடர்பில்லை என்பதைச் சொல்லின் குடும்பமே காட்டிவிடும். ரஷ்யத்தில் ‘மொஸ்தொவாயா’ என்றால் தளம் போட்ட சாலை. வடக்கு ரஷ்யப் பேச்சுவழக்கில் மொஸ்த் என்பதே மரத்தரையைக் குறிக்கும். போலிஷ் ‘பொமொஸ்த்’ என்றால் பலகை மேடை அல்லது படகுத்துறை. ஆக, பழைய பொருள் நீரைக் கடக்கும் கட்டுமானம் என்பதைவிட, ஈரத்தின் மேல் கட்டை பரப்பிய தளம் என்று கொள்வதே பொருத்தம். ரஷ்யாவின் நோவ்கொரோத் நகரத்தில் அகழ்ந்தபோது, 10 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட 28 அடுக்கு மரச்சாலைகள் ஒரே தெருவில் கிடைத்தன. சேறு ஏற ஏற, மேலே புதுக் கட்டைகள். சொல்லின் வேரைப் பற்றி அறிஞர்களிடம் இரு கட்சிகள் உண்டு. ‘எறிதல்’ என்னும் ஸ்லாவிய வினையோடு சேர்ப்பவர்கள் சிலர்: குறுக்கே எறிந்து போட்ட மரம். கப்பலின் பாய்மரத்தைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லோடு சேர்ப்பவர்கள் சிலர். எப்படியிருந்தாலும் திராட்சை அதில் வராது.

இச்சொல் ஊர்ப்பெயர்களில் நிறைய ஒட்டியிருக்கிறது. பிராகாவின் ‘கார்லூவ் மொஸ்த்’ 1357இல் தொடங்கப்பட்டது. நெடுங்காலம் வெறும் ‘கல் பாலம்’ என்றே அதற்குப் பெயர். மாஸ்கோவில் ‘குஸ்னெத்ஸ்கி மொஸ்த்’, அதாவது கொல்லர் பாலம், என்றொரு தெரு இருக்கிறது. பாலம் எங்கே என்று தேடினால் கிடைக்காது. கீழே ஓடிய ஆற்றை 19ஆம் நூற்றாண்டில் மூடியபோது பாலமும் மண்ணுக்குள் போனது. பெயர் மட்டும் மேலே நிற்கிறது. போஸ்னியாவின் மொஸ்தார் நகரத்துக்குப் பெயர் வந்தது ‘மொஸ்தாரி’ என்னும் பாலக் காவலர்களால். 1566இல் கட்டி முடித்த அங்குள்ள ஒற்றை வளைவுக் கல்பாலம் 1993 நவம்பரில் போரில் தகர்க்கப்பட்டு, 2004இல் பழையபடி எழுப்பப்பட்டது. அதன் பெயர் ‘ஸ்தாரி மொஸ்த்’, பழைய பாலம்.

தொடக்கத்தில் பார்த்த செக் ஊர், பீலினா ஆற்றங்கரைச் சதுப்பைக் கடக்கும் பாலத்தால் பெயர் பெற்றது. அங்கிருந்த ஜெர்மானியர்கள் ஊரை ‘ப்ரூக்ஸ்’ என்றார்கள். ஜெர்மனில் பாலம் ‘ப்ரூக்க’; அவர்களும் பாலம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஊர்ப்பெயரை ஆராயும்போது இப்படி இருமொழிப் பெயர் கிடைத்தால் அது கையில் கிடைத்த பொக்கிஷம். ஒன்றின் பொருளுக்கு மற்றது சாட்சி. பழைய ஊர் நிலக்கரிக்காக இடிக்கப்பட்டுவிட்டது. 16ஆம் நூற்றாண்டு மாதா கோயில் ஒன்றை மட்டும் விட மனமில்லாமல், 1975இல் அப்படியே தண்டவாளத்தின் மேல் ஏற்றி, ஏறத்தாழ நான்கு வாரத்தில் 841 மீட்டர் தள்ளிக்கொண்டுபோய் வைத்தார்கள்.

சொல்லின் கிளைகளில் ஒன்று உடலுக்குள்ளும் போயிருக்கிறது. போலிஷ் ‘மொஸ்தெக்’ என்றால் சிறு பாலம். பல் மருத்துவர் கட்டும் பாலமும் அதுதான், இருபக்க விலா எலும்புகளை இணைக்கும் நெஞ்செலும்பும் அதுதான்.

அந்த ‘ஷ’ செய்த வேடிக்கை

ஹங்கேரிய மொஷ்த் (இப்போது) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹங்கேரியம் மேலே வந்த மொழிகளின் குடும்பமே இல்லை. ஃபின்னிஷ், எஸ்தோனியம் இருக்கும் யூராலியக் குடும்பம். ‘மொஷ்தானி’ (இப்போதைய), ‘மொஷ்தானாபன்’ (அண்மைக்காலமாக) என்று அதற்குத் தனிக் கிளைகள் உண்டு. ஒப்புமை முழுக்கத் தற்செயல்.

சுவையான பகுதி இனிமேல்தான். ஜெர்மன் மொஸ்ட் என்ற சாறு கிழக்கே கடன் போனபோது என்ன ஆயிற்று? செக்கில் பாலத்துக்கு ஏற்கெனவே மொஸ்த் இருந்தது. வந்த சொல் அதோடு கலக்கவில்லை. ‘மொஷ்த்’ என்று நின்றது. எழுத்தில் எஸ்ஸின் தலையில் ஒரு சிறு கொக்கிதான் வேறுபாடு. அந்தக் கொக்கியை விட்டுவிட்டால் செக் உணவகத்தின் விலைப்பட்டியலில் ஆப்பிள் பாலம் விற்பனைக்கு வந்துவிடும். ஸ்லொவேனியத்திலும் குரோஷியத்திலும் இதே இரட்டை. போலிஷில் ‘மொஷ்ச்’, ஹங்கேரியத்தில் ‘முஷ்த்’.

இத்தனை அண்டை மொழிகள் சேர்ந்தாற்போல் ஏன் ‘ஷ’ என்று கேட்டன? இடைக்கால ஜெர்மனின் ‘ஸ’ அப்போது இன்றைய ‘ஸ’ போல ஒலிக்கவில்லை. ‘ஷ’வுக்கு நெருக்கமாக இருந்தது. அக்கம்பக்கத்தார் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். பின்னால் ஜெர்மன் தன் ஒலியை மாற்றிக்கொண்டது, கடன் வாங்கியவர்கள் மாற்றவில்லை. ஒரு மொழியின் பழைய உச்சரிப்பைக் கண்டுபிடிக்க, அது பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த சொற்களைப் பார்ப்பது நல்ல வழி.

நீங்களே ஒரு சொல்லைச் சோதிக்கும்போது

கைப்பழக்கத்துக்கு ஆங்கில ‘மஸ்ட்’டை எடுத்துக்கொள்ளலாம். பெரிய அகராதி ஒன்றைத் திறந்தால் இந்தத் தலைச்சொல் பலமுறை, பக்கத்தில் சிறு எண்ணோடு வரும். எண் வேறானால் சொல்லே வேறு என்று பொருள். ஒரே எண்ணுக்குக் கீழே அ, ஆ என்று பிரிந்தால் ஒரு சொல்லின் பல பொருள்கள். இந்த எண்ணைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகப் படிப்பதுதான் பெரும்பாலான தவறுகளுக்குத் தொடக்கம்.

அடுத்து, விளக்கத்தில் மிகப் பழைய வடிவம் எது, எந்த நூற்றாண்டு என்று பாருங்கள். இன்றைய வடிவங்களை ஒப்பிடுவதில் பயனில்லை. யாறு போன்ற சாட்சி பழைய ஏட்டில்தான் இருக்கும். ஒரு வடிவத்தின் முன்னால் உடுக்குறி (*) இருந்தால் அது எந்த ஏட்டிலும் காணப்படாதது, அறிஞர்கள் கணித்து அமைத்தது. அதைக் கிடைத்த சான்றுபோல மேற்கோள் காட்டக்கூடாது. பிறகு சகோதர மொழிகளில் அதே ஒலிமாற்றம் வேறு மூன்று நான்கு சொற்களிலாவது திரும்ப வருகிறதா என்று தேடவேண்டும். ஒரே ஒரு சோடியை வைத்து விதி எழுத முடியாது.

இப்படிப் பார்த்தால், ‘கட்டாயம்’ என்று பொருள்படும் மஸ்ட் ஒரு பழைய ஆங்கில வினையின் இறந்தகாலம். ஜெர்மன் ‘முஸ்ட்ட’வோடு உறவு. திராட்சைச் சாறான மஸ்ட், நாம் பார்த்த லத்தீன் முஸ்டும். ஆங்கிலம் உகரத்தைக் காப்பாற்றிக்கொண்டது. பூஞ்சை வாடையைக் குறிக்கும் மஸ்ட், ‘மஸ்டி’ என்ற பெயரடையின் வாலை வெட்டி உண்டாக்கியது.

நான்காவது மஸ்ட்டை இப்போது கடைசியில் ஓர் ‘ஹெச்’ சேர்த்தும் எழுதுகிறார்கள். ஆண் யானைக்குக் கன்னத்தில் நீர் வழியும் அந்த நிலை. சாறும் போதை, யானையும் போதை, ஆகவே இரண்டும் ஒன்றே என்று சொல்லத் தோன்றும். தேதியும் வழியும் அதை மறுக்கின்றன. யானைச் சொல் இந்தியாவில் வழங்கிய பாரசீக ‘மஸ்த்’ (போதையேறிய) வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பாரசீக மஸ்துக்குச் சமஸ்கிருதத் துணை ‘மத்த’. வடிவம் வேறாக இருக்கிறதே என்றால், வேறாகத்தான் இருக்கவேண்டும்: சமஸ்கிருதத்தில் ‘த்த’ வரும் இவ்வகை இடங்களில் பாரசீகத்தில் ‘ஸ்த்’ வரும். கட்டப்பட்டது என்னும் சமஸ்கிருத ‘பத்த’வுக்கு எதிரே பாரசீகத்தில் ‘பஸ்தா’.

அதே வேரில் கிளைத்த ‘மத’ என்ற வடசொல்தான் தமிழில் யானைக்கு நாம் சொல்லும் மதம். சமயத்தைக் குறிக்கும் மதம் வேறு வடசொல். மூலத்தில் ஒன்றுக்கு மெலிந்த தகரம், மற்றதற்கு வல்லின தகரம். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘த’ என்பதால், நம் அகராதியிலும் இரண்டு மதங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன.